ஒற்றைக்கொம்பு

கிலுகிலு என்று எழுதினால் குழந்தைகளின் கிலுகிலுப்பை ஞாபகத்துக்கு வந்துவிடும், அது இல்லை. சலசல என்றால் வாய்க்கால், அதுவும் இல்லை. உலர்ந்த ஒன்றுக்குள் உலர்ந்த இன்னொன்று அடைபட்டு, காற்று அசைக்கும்போதெல்லாம் தான் உள்ளே இருப்பதைச் சொல்கிற சத்தம். ஒரு காய்க்குள் என்றால் அது யார் காதிலும் விழாது. மரம் நிறைய என்றால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. அப்போது மாசி மாதம். பாளையங்கோட்டையில் எங்கள் கல்லூரியின் பின்வாசலில் அந்த வாகைமரம் பேருக்கு ஓர் இலைகூட இல்லாமல், வெளிறிய நெற்றுகளை மட்டும் வைத்துக்கொண்டு நின்றது. குற்றாலிங்கம் அதன் அடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று என்னிடம் ஏதோ சொன்னார். அவர் தாவரவியல் முதுகலை, நான் ஆங்கிலம். இரண்டு துறைக்கும் பொதுவாக இருந்தது அந்தப் பின்வாசல் ஒன்றுதான். "மிஸ் எப்சிபா" என்று தொடங்கியது கேட்டது. அந்தக் காலத்தில் கூடப் படிக்கும் ஆண்கள் எங்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள், பெயருக்கு முன்னால் சின்னதாக ஒரு வேலி போட்டு. வேலிக்கு அந்தப் பக்கம் காற்று எழுந்துவிட்டது. நெற்றுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் பேசின. அவர் உதடு அசைவதைப் பார்த்தேன், தொண்டையில் முடிச்சு ஏறி இறங்குவதைப் பார்த்தேன், கடைசியில் புருவம் மேலே போய் நின்றதால் அது ஒரு கேள்வி என்று மட்டும் தெரிந்துகொண்டேன். என்ன சொன்னீர்கள் என்று கேட்கலாம்தான். கேட்க வாய் வரவில்லை. "ம்" என்றேன். சரி என்கிற ம்-மா, கேட்டுக்கொண்டேன் என்கிற ம்-மா, போய்வாருங்கள் என்கிற ம்-மா, எனக்கே தெரியாது. அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். பரீட்சை முடிந்ததும் டேராடூனுக்கு ஆராய்ச்சிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இப்போதும் அதே சத்தம், ஒரு விரல் நீளத்துக்குள். பேனா கடைகிற லேத்தை நிறுத்திவிட்டுக் கட்டையைக் கையால் மெல்ல உருட்டினால் கேட்கிறது. ஒரு விதை மட்டும் அதன் அறைக்குள் தளர்ந்து கிடக்கிறது. ரெசின் அங்கே போய்ச் சேரவில்லை. வாகை நெற்றில் இதுதான் தொந்தரவு. மகாகனி நெற்று மரம் மாதிரி, உளிக்கு நன்றாக இணங்கும், தேக்கைக் கடைவது போல நிம்மதியாகக் கடையலாம். வாகை வெறும் தாள். அதை அப்படியே கடைய முடியாது. அச்சில் படுக்க வைத்து, மேலே ரெசின் ஊற்றி, இறுகவிட்டு, கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்ட பூச்சி போல ஆன பிறகுதான் லேத்தில் ஏற்ற முடியும். உளி படப்பட மேலே உள்ள ரெசின் சுருள் சுருளாக உரிந்து விழும், பிறகு நெற்றின் தோல், பிறகு விதைகள் குறுக்கே வெட்டுப்பட்டு ஒவ்வொன்றாகக் கண் திறக்கும். அந்த இடத்தில் கை நிதானமாக இருக்க வேண்டும். உள்ளே வெற்றிடம் இருந்தால் உளி அதில் விழுந்து மொத்தத்தையும் பிய்த்துவிடும். பதினொரு மணிக்குக் குற்றாலிங்கம் வருகிறார். இன்னும் உப்புத்தாள் போட வேண்டும், மெருகு ஏற்ற வேண்டும், நிப்பு மாட்ட வேண்டும். நேற்றே முடித்திருக்கலாம். நேற்று. இந்த வார்த்தை வந்தவுடன் காதுமடல் இரண்டும் சுடுகிறது. கண்ணாடி பார்க்காமலே தெரிகிறது, சிவந்திருக்கும். டீச்சர் வேலை முடிந்து பென்ஷன் வாங்கத் தொடங்கி எத்தனையோ காலம் ஆன ஒருத்திக்குக் காதுமடல் சிவக்கிறது. கடைசல் தூசி மூக்கில் ஏறித் தும்முகிறேன். அடுப்படியிலிருந்து எமிலி, "அக்கா, புதுச் சேலைய உடுத்திக்கிட்டு லேத்துல நிக்கியே, முந்தானை மாட்டிச்சின்னா நீயும் சேர்ந்து பேனாவாயிருவ" என்கிறாள். என் தங்கை. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். யாருக்கு எங்கே வலிக்கும் என்று அழுத்திப் பார்த்தே பழகியவள்.

எல்லாம் அந்தப் போனால் வந்தது. கையெல்லாம் ரெசின், தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று எமிலிதான் போனை மேசையில் வைத்து, இருவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டாள். "மிஸ் எப்சிபாவா?" என்றது குரல். அந்த வேலியை இத்தனை வருடமாக யாரும் என் பெயருக்கு முன்னால் போடவில்லை. யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. தான் குற்றாலிங்கம் என்றார். தென்காசியில் மகன் வீட்டோடு இருப்பதாகச் சொன்னார். பல் கட்டப் பாளையங்கோட்டைக்கு வந்தபோது டாக்டர் சட்டைப்பையில் ஒரு பேனாவைப் பார்த்தாராம். எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு நான் கொடுத்த மகாகனிப் பேனா அது. வாயைத் திறந்து படுத்தபடியே அது யார் செய்தது என்று கேட்டாராம், டாக்டர் என் பெயரையும் நம்பரையும் எழுதிக் கொடுத்தாராம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் ஏதோ சொன்னேன். அவர் பதிலுக்கு நிற்காமல் மேலே பேசிக்கொண்டே போனார். அப்போது எனக்கு அது விசித்திரமாகத் தோன்றவில்லை, வேகம் என்று நினைத்தேன், ஆசை என்றுகூட. "காலேஜ் பின்வாசல்ல ஒரு வாகை நிக்குமே, ஞாபகம் இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். "அங்க நின்னு பேசினோமே." ம் என்றேன், மறுபடியும் ம். கொஞ்சம் நிறுத்தினார். பிறகு கேட்டார். என் காதில் விழுந்தது இது: "நேத்து இருக்கா, இப்பவும்?" நேற்று இருக்கிறதா, இப்போதும். அடுப்படிச் சத்தம் நின்றுவிட்டது, தெருவில் போன ஆட்டோ நின்றுவிட்டது, எனக்கு அப்படி இருந்தது. என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது. "இருக்கு. நேத்து எங்க போவும்? அப்படியேதான் இருக்கு. நான்தான் ஒருநாளும் வெளிய எடுத்துப் பாக்கல்ல." அந்தப் பக்கம் மௌனம். மூச்சு மட்டும். பிறகு மிக இயல்பாக, கடையில் பழம் கேட்பவர் போல, "அப்பொ அதுல ஒண்ணு எனக்குக் கடைஞ்சி தாங்க, பதினெட்டாந் தேதி வாரேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். நான் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். எமிலி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த பல்லைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "அக்கா, அவரு நெத்துன்னுல்லா கேட்டாரு."

நெத்து. நெற்று. வாகை நெற்று. காய்ந்த காய். நெத்து இருக்கா என்று கேட்ட மனிதரிடம் நேத்து எங்க போவும் என்று சொன்னவள் நான். ஒரு மாத்திரை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் நடுவில் ஒரு மாத்திரை, கண் இமைக்கும் நேரம். அதில் விழுந்தேன். வேறு யாராவது அப்படிக் கேட்பார்களா, நேற்று இருக்கிறதா என்று? எந்த மனிதர் பேச்சில் அப்படி ஒரு வாக்கியம் வரும்? அது நான் எழுதுகிற வாக்கியம். கிழிந்த நோட்டுகளில் யாருக்கும் காட்டாமல் எழுதி எழுதிப் பழகிப்போன வாக்கியம். அதைத் தூக்கி அவர் வாயில் வைத்து நானே கேட்டுக்கொண்டேன். வெட்கம் என்று இதைச் சொல்லக் கூடாது, வெட்கம் இளம்பெண்களுக்கு அழகு சேர்க்கிற சொல். கூச்சம் தோளைக் குறுக்கும், கொஞ்ச நேரத்தில் போய்விடும். அவமானம் என்றால் யாராவது செய்திருக்க வேண்டும், இங்கே யாரும் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. இதற்குப் பெயர் இல்லை. குளித்துவிட்டு வெளியே வந்த பிறகு கொடியில் துணி இல்லை என்று தெரிகிற மாதிரி. அவருக்குப் புரிந்ததா? அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். மௌனமாக இருந்தாரே, அந்த மூச்சு, அது திகைப்பா? வயதான பெண்ணுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்துப் பேச்சை மாற்றினாரா? வீட்டில் சொல்லிச் சிரித்திருப்பாரா, சாப்பிடும்போது, மகன் இருக்க, மருமகள் இருக்க, ஒரு பொம்பள நேத்து எங்கிட்ட இருக்குங்கா என்று? சிரிக்கிறவர் இல்லை. சிரிக்கிறவர் இல்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஒரு மரத்தடியில் அசைந்த உதட்டைத் தவிர அவரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒருவேளை புரிந்திருந்தால். புரிந்து, அதனால்தான் அதில் ஒன்று எனக்கு என்று சொல்லியிருந்தால். அதில் ஒன்று. பார், மறுபடியும் செய்கிறேன். மறுபடியும் அவர் வாயில் வைக்கிறேன். காலையில் முகத்துக்குப் பவுடர் போட்டேன், உடனே துடைத்தேன், துடைத்ததில் மூக்கோரம் வெள்ளையாக நின்றது, எமிலி பார்த்துவிட்டு ஈரத்துண்டை எடுத்து நீட்டினாள், அதுதான் தாங்க முடியவில்லை.

விசையைப் போடுகிறேன். மோட்டார் இரையும்போது நினைப்பு கொஞ்சம் அடங்கும். உளியைத் தாங்கியில் அழுத்திப் பிடித்து, நுனியால் தொட்டும் தொடாமலும். சுருள் வருகிறது. வைக்கோல் நிறம், கொஞ்சம் பொன் கலந்து. சுற்றும்போது விதைகள் ஒரே கோடாகத் தெரிகின்றன, நிறுத்தினால்தான் தனித்தனி. நான் ஏன் வாகையை இதுவரை கடைந்ததே இல்லை? கொன்றை கடைந்தேன், மகாகனி கடைந்தேன், இலவங்காய் ஓட்டைக்கூடக் கடைந்து பார்த்தேன். ஏன் என்று தெரியும், தெரிந்தே கேட்டுக்கொள்கிறேன். கல்லூரிக்கு ஏதோ விழாவுக்குப் போனபோது பின்வாசலில் பொறுக்கிய நெற்றுகள் அலமாரியில் சேலைகளுக்கு அடியில் இருந்தன. சேலை எடுக்கும்போது கையில் இடறிச் சத்தம் போடும். போன் வந்த அன்று சாயங்காலம் முதல் தடவையாக வெளியே எடுத்தேன். நான் போனில் சொன்னது அத்தனையும் உண்மை, அதுதான் இன்னும் மோசம். டக். உளி துள்ளியது. டக், டக். நிறுத்து. நிறுத்திவிட்டேன். பார்த்தால் மூடிக்குப் பக்கத்தில் ஓர் அறை திறந்துகொண்டு சின்னக் குழி. நல்லவேளை, விரிசல் ஓடவில்லை. அங்கிருந்த விதை எங்கோ தெறித்துவிட்டது. தளர்ந்த விதை இது இல்லை. கட்டையை உருட்டிப் பார்க்கிறேன், இன்னும் உள்ளே ஆடுகிறது, அது வேறு. "என்னக்கா ஒடஞ்சிட்டா?" எமிலி கதவில் நிற்கிறாள். இல்லை என்கிறேன். "ஒடஞ்சா என்ன, போன்ல ஒண்ணு சொல்லிரு, நேத்து ஒடஞ்சி போச்சி, நாளைக்கு வாங்கன்னு." சிரிக்கிறாள். நான் சிரிக்கவில்லை. அவள் கிட்டே வந்து என் தலையிலிருந்து ரெசின் சுருளை ஒவ்வொன்றாக எடுக்கிறாள், பேன் பார்ப்பது போல. "எக்கா, அன்னைக்கு மரத்தடியில அவரு என்ன சொல்லியிருப்பாருன்னு நெனக்க? மேல பாத்து நடங்க, நெத்து விழும், அவ்வளவுதான் சொல்லியிருப்பாரு. பாட்டனி படிச்சவரு வேற என்னத்தச் சொல்வாரு?" இருக்கலாம். மரத்தடியில் அவர் பேசியது எனக்குக் கேட்கவே இல்லை என்று அவளிடம் எப்போது சொன்னேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். சொன்னதாக ஞாபகம் இல்லை. காய்ச்சலில் ஏதாவது உளறியிருப்பேன். குழிக்குள் கடைசல் தூளையே அடைத்து, மேலே பசை விட்டு, காய்வதற்கு ஊதுகிறேன். ஊதுகிற மூச்சு அந்தப் போன் மூச்சு போலவே கேட்கிறது. வரும்போது நானே முந்திக்கொண்டு சொல்லிவிடலாமா, அன்றைக்குத் தப்பாகக் கேட்டுவிட்டேன், நேற்று என்று காதில் விழுந்தது, என்ன வேடிக்கை பாருங்கள் என்று? வேடிக்கை என்று சொன்னால் வேடிக்கையாகிவிடும். அதைச் சொல்லிப் பார்க்கிறேன், வாய்க்குள். என்ன வேடிக்கை பாருங்கள். என்ன வேடிக்கை. வகுப்பில் நாடகம் நடத்தும்போது ஒரு வரியைப் பெண்கள் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி அர்த்தமே போய்விடும், அப்படி. உப்புத்தாள். முரடு, பிறகு மெல்லியது, பிறகு தண்ணீர் தொட்டு. வாகை பளபளக்கத் தொடங்குகிறது. அழகாக வந்திருக்கிறது, கர்த்தாவே, இத்தனை அழகாக வந்திருக்க வேண்டாம், பார்த்தாலே தெரிந்துவிடும்.

கார் வந்து நிற்கிறது. நிப்பு மாட்டி மை நிரப்பிய கையோடு வெளியே வருகிறேன், விரல் நுனி நீலம். அவர் இறங்குகிறார், ஒரு பெண் கையைப் பிடித்திருக்கிறாள். அதே புருவம், நரைத்து அடர்ந்து. "மிஸ் எப்சிபா!" என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிடுகிறார். எதிர்வீட்டு ஜன்னல் திறக்கிறது. வாங்க என்கிறேன், பல் எல்லாம் சரியாகிவிட்டதா என்கிறேன், அவர் சிரித்துக்கொண்டே, "வீடு கண்டுபிடிக்கச் சிரமமே இல்ல" என்கிறார். அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "நான் அவுங்க மருமக, செண்பகம். மாமாவுக்குக் காது சுத்தமாக் கேக்காது டீச்சர். மிஷின் வாங்கிக் குடுத்தா, தலைவலின்னு கழட்டிப் போட்டுருவாங்க" என்கிறாள். எப்போதிருந்து என்கிறேன். என் குரல் எங்கிருந்தோ வருகிறது. "அது ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சி. போன்லயும் அவுங்களாக் கேப்பாங்க, அவுங்களாப் பதில் நெனச்சிக்கிடுவாங்க. அன்னைக்கு உங்களுக்கு நான்தான் நம்பரப் போட்டுக் குடுத்தேன், குடுத்துட்டு அடுப்புல பால் இருக்கேன்னு ஓடிட்டேன். என்னமும் தப்பாப் பேசிட்டாங்களா?" இல்லை என்கிறேன், இல்லையில்லை. எமிலி தட்டில் அச்சுமுறுக்கோடு கதவருகே நிற்கிறாள். என்னைப் பார்க்கிறாள். முகத்தில் கேலி இல்லை. கேலி செய்யேன், எமிலி, ஏதாவது சொல்லேன். காதுமடல் சூடு போய்விட்டது. அந்த இடத்தில் வேறு ஒன்று வந்து உட்காருகிறது, குளிர்ந்து, கனமாக. அவர் சிரிக்கவில்லை, திகைக்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. அவர் காதில் ஒன்றுமே விழவில்லை. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை சொன்னேன். எமிலி கேட்டாள்.

பேனாவைக் கொடுக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "வாகை! அல்பீசியா!" என்கிறார், பழைய சிநேகிதரைப் பார்த்த மாதிரி. விரலுக்கு நடுவில் வைத்து ஆட்டுகிறார், முகம் மாறுகிறது. "உள்ள ஒண்ணு ஆடுது. கையில தெரியுது." மருமகளின் காதருகே கொண்டுபோய் ஆட்டி, "கேக்குதா?" என்கிறார். "கேக்கு மாமா" என்று தலையை ஆட்டுகிறாள். எமிலி காலண்டரிலிருந்து ஒரு தேதித்தாளைக் கிழித்து மேசையில் வைக்கிறாள். அவர் முதலில் பிள்ளையார்சுழி போட்டு, கீழே தன் பெயரை எழுதிப் பார்த்து, "நல்லா ஓடுது" என்று திருப்தியாகச் சொல்கிறார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டுகிறார். "அன்னைக்குப் போன்ல என்னமோ நெறையச் சொன்னீங்க. எனக்கு வண்டு மாதிரி இரைச்சல்தான் கேட்டுது. நல்லதாத்தான் இருக்கும்னு நெனச்சி ஒண்ணு கடைஞ்சி தாங்கன்னு சொல்லி வச்சிட்டேன். இப்ப எழுதுங்க. என்ன சொன்னீங்க?" புருவம் மேலே போய் நிற்கிறது. பேனா என் கையில் இருக்கிறது, நான் கடைந்தது, என் சூடு இன்னும் ஆறவில்லை. தேதித்தாளைப் பக்கத்தில் இழுக்கிறேன். காற்று இல்லை, மரம் இல்லை, எல்லோரும் பேசாமல் இருக்கிறார்கள். தமிழில் கொம்பைத்தான் முதலில் எழுத வேண்டும். பின்னால் வரப்போவது எந்த எழுத்து என்று தாளுக்குத் தெரிவதற்கு முன்பே அது குறிலா நெடிலா என்று கை முடிவு செய்துவிட வேண்டும். நிப்பு தாளைத் தொடுகிறது. கீழே ஒரு சுழி, மேலே வளைவு. உச்சியில் நிப்பு நிற்கிறது. இன்னொரு சின்னச் சுழி, ஒரு மாத்திரை, அவ்வளவுதான். மை அந்த இடத்தில் கொஞ்சம் ஊறுகிறது. செண்பகம் பார்க்கிறாள், எமிலி பார்க்கிறாள், அவர் ஒரு குழந்தை போலக் காத்திருக்கிறார். கையைக் கீழே இறக்குகிறேன். ஒற்றைக்கொம்பு. பிறகு ந, பிறகு மற்றது. "நெற்று இருக்கிறது என்று சொன்னேன்." தாளை அவர் பக்கம் திருப்புகிறேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, உதடு அசைய, மெதுவாகப் படிக்கிறார், படித்துவிட்டு, "அதான் கையிலயே இருக்கே!" என்று வீடு அதிரச் சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன். முறுக்கு நன்றாக இருக்கிறது என்கிறார். பேனாவைச் சட்டைப்பையில் குத்திக்கொள்கிறார், நெஞ்சின் இடப்பக்கம். கார் திரும்பும்போது கையை ஆட்டுகிறார், நானும் ஆட்டுகிறேன், எதிர்வீட்டு ஜன்னல் மூடுகிறது. உள்ளே வந்தால் எமிலி அந்தத் தேதித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். "பிழையில்லாமத்தான் எழுதியிருக்க, எக்கா" என்கிறாள். லேத்தைத் துடைக்கிறேன். கீழே சுருள்களுக்கு நடுவில் அந்தத் தெறித்த விதை கிடக்கிறதா என்று விளக்குமாற்றால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன்.

குற்றாலிங்கம் அதே வருடம் ஐப்பசியில் தென்காசியில் இறந்தார்.